ஆள் நடமாட்டம் இல்லாத இடம் காலி இடம் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த, காட்டுக்குள்ள ஒளிச்சு வச்சு கஞ்சா வளக்குறவங்களப் பத்தின கட்டுரையப் படிச்சேன். எழுத்து நல்லாவே இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா கட்டுரை பூரா யார் கண்ணுலயும் படாத ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்கிறது ஏதோ பெரிய சாமர்த்தியம்ங்கிற மாதிரியே போகுது, ஒரு பக்கம் போலீஸ் தேடுது இன்னொரு பக்கம் இவங்க தப்பிக்கிறாங்க, கண்ணாமூச்சி ஆட்டம் கணக்கா, அந்த ஆட்டத்துல மொத்தமே ரெண்டு கோஷ்டிதான் இருக்குற மாதிரி. அந்த இடத்துல ஏற்கனவே குடியிருக்கிறது யாரு, எதுன்னு ஒத்த வரி கூட இல்ல. அதைச் சொல்றதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாப் போகும், இடம் பத்தலன்னா எங்க வேணா வெட்டிக்கோங்க, எலி மருந்து பத்தி வர்ற பகுதியை மட்டும் வெட்டாதீங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். கஞ்சாவை சட்டபூர்வமாக்கணுமா வேணாமாங்கிற சண்டைக்கு நான் வரல. அது பெரிய சண்டை, உலகம் பூரா நடந்துட்டு இருக்கு. உருகுவே 2013லயே சட்டம் போட்டு வீட்டுக்கு 6 செடி வரைக்கும் வளக்கலாம்னு சொல்லிடுச்சு, கனடா 2018ல 4 செடி, ஜெர்மனி 2024 ஏப்ரல்ல இருந்து பெரியவங்க ஒருத்தருக்கு 3 செடின்னு விட்ருக்கு, தென்னாப்பிரிக்காவுல அரசியல் சாசன கோர்ட்டே தனிப்பட்ட இடத்துல சொந்த உபயோகத்துக்கு வளக்கறத குத்தமாக்கக் கூடாதுன்னு 2018ல தீர்ப்பு சொல்லுச்சு. 2020 டிசம்பர்ல ஐநா போதைப்பொருள் கமிஷன்ல ஓட்டெடுப்பு வச்சு, 27க்கு 25ன்னு நூலிழைல, ரொம்பக் கடுமையான பட்டியல்ல இருந்து கஞ்சாவை எடுத்தாங்க. இன்னொரு பக்கம் இந்தியாவுல 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துல 20வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம செடி வளத்தா 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், பிரிட்டன்ல 14 வருஷம் வரைக்கும் போகலாம். எது சரி எது தப்புன்னு ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் ஒண்ணு இருக்கு, அது இங்க வேணாம். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். செடி மேல உங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, அதைக் கொண்டு போய் உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு காட்டுல ரகசியமா வைக்கலாமா? மேல சொன்ன நாடுகள்ல ஒண்ணு கூட அதுக்கு ஆமான்னு சொல்லல. எல்லாரும் வீட்டுக்குள்ள, வேலிக்குள்ள, பேர் பதிஞ்ச கிளப்புக்குள்ளன்னுதான் சொல்லிருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மனுஷன் போகாத இடம், ஆனா தண்ணி இருக்கணும், வெயிலும் வேணும். கட்டுரைல இதை எதோ கண்டுபிடிப்பு மாதிரி எழுதிருக்காங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மனுஷத் தொந்தரவு இல்ல, வருஷம் பூரா தண்ணி ஓடுது, அப்படி ஒரு இடம் மிச்சம் இருந்தா அங்க யார் இருப்பாங்க? மத்த இடத்துல எல்லாம் நம்மளால விரட்டப்பட்டதுங்கதான் இருக்கும். ஓடை உற்பத்தியாகுற இடத்துல மீன் குஞ்சு, அதோட கரைல தவளை, மரப்பொந்துல ஆந்தை, மேல கீழ அலையுற சின்னச் சின்ன வேட்டை மிருகங்க. மனுஷனுக்கு மறைவான இடம்ங்கிறது அதுங்களுக்குக் கடைசி இடம். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா போதும், மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான்.

நான் கலிஃபோர்னியாவை வச்சுப் பேசுறேன், ஏன்னா இதைப் பத்தி ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணி, அளந்து, எண்ணி எழுதி வச்சிருக்கிறது பெரும்பாலும் அங்கதான். அந்த மாநிலத்தோட வடக்கு மூலைல ஹம்போல்ட், மெண்டசீனோ, ட்ரினிட்டின்னு மூணு கவுண்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, மூணையும் சேத்து மரகத முக்கோணம்னு செல்லமாக் கூப்பிடுவாங்க, அமெரிக்க கஞ்சாவுக்கே தலைநகரம் மாதிரி. அந்தக் காடுகள்லயும், கீழ தெற்கு சியரா நெவாடா மலைலயும் ஃபிஷர்னு ஒரு மிருகம் இருக்கு. பேரு அப்படி இருக்கே தவிர மீன் கீன் எல்லாம் பிடிக்காது, மரநாய் வகையறா, ஒரு பெரிய பூனை சைஸ் இருக்கும், பழைய மரங்க இருக்குற அடர்ந்த காட்டுலதான் வாழும். அங்க இருக்குறது வயக்காட்டுப் பக்கமோ ஊர்ப் பக்கமோ அவ்வளவாத் தலைகாட்டாது. அப்படிப்பட்ட மிருகத்தோட செத்த உடம்பு 58 எடுத்து சோதனை பண்ணி 2012ல ஒரு ஆய்வுக்கட்டுரை போட்டாங்க. அதுல 46 உடம்புல, அதாவது 79 சதவீதத்துல, எலி மருந்து இருந்துச்சு. ஊருக்கும் வயலுக்கும் பெருசா சம்பந்தம் இல்லாத மிருகத்துக்கு எலி மருந்து எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தா, பொது நிலத்துல திருட்டுத்தனமா போட்ட கஞ்சாத் தோட்டங்கள்ல போய் நிக்குது.

அது எப்படின்னு கொஞ்சம் விவரமாச் சொல்லணும். காட்டு எலிங்க இளசான செடியோட தண்டைக் கடிச்சுப் போட்டுடும். அதனால தோட்டத்தைச் சுத்தி மருந்து வைக்கிறாங்க. அது சாதாரண மருந்து இல்ல, ப்ரோடிஃபாக்கம், ப்ரோமடயோலோன்னு இரண்டாம் தலைமுறை மருந்துங்க. உடம்புல விட்டமின் கே வேலை செய்ய விடாம தடுக்கும், அதனால ரத்தம் உறையாது, உள்ளுக்குள்ளயே கசிஞ்சு கசிஞ்சு சாகணும். இதுல கொடுமை என்னன்னா தின்ன உடனே சாகாது, சில நாள் ஆகும். அந்த சில நாளும் எலி மயக்கத்துல தள்ளாடிட்டு வெளிய சுத்திட்டு இருக்கும், இன்னும் இன்னும் மருந்தைத் தின்னுட்டும் இருக்கும், ஈரல் பூரா விஷம், அதைப் பிடிக்கிறது ரொம்ப சுலபம். ஃபிஷர் பிடிச்சுத் திங்கிறதுல எலியும் உண்டு. அது போதாதுன்னு எலியை இழுக்கறதுக்காக மருந்துல வாசனையும் சேத்திருப்பாங்க, அந்த வாசனைக்கு மத்த மிருகமும் நேரா வந்து தின்னும். இந்த விஷம் ஈரல்ல மாசக்கணக்குல தங்கும், சாகலன்னாலும் சின்னக் காயம் பட்டா ரத்தம் நிக்காது. அந்த 2012 ஆய்வுல எனக்கு மறக்கவே முடியாதது, தாய்ப்பாலை நம்பி இருக்குற வயசுல ஒரு குட்டி, அதோட உடம்புலயும் மருந்து இருந்துச்சு. தெற்கு சியரா நெவாடாவுல இருக்குற ஃபிஷர் கூட்டத்தை 2020ல அமெரிக்க அரசு அழியுற நிலைல இருக்குற உயிரினமா அறிவிச்சுது. அதுக்கு காட்டுத்தீ, வறட்சி, மரம் வெட்டுனதுன்னு பல காரணம் உண்டு, எல்லாப் பழியையும் கஞ்சா மேல போட நான் தயாரா இல்ல. ஆனா ஏற்கனவே நாலு பக்கமும் அடி வாங்கிட்டு இருக்குற ஒண்ணுக்கு அஞ்சாவது அடி இது.

ஆந்தை கதையும் இதேதான். வடக்குப் புள்ளி ஆந்தைன்னு ஒண்ணு, அந்த ஆந்தையைக் காப்பாத்தறதுக்காக அமெரிக்காவுல மரம் வெட்டுற தொழிலே பெரிய சண்டைல மாட்டுச்சு, அவ்ளோ பேர் பெத்த ஆந்தை. 2018ல வந்த ஆய்வுல சோதிச்ச 10 புள்ளி ஆந்தைல 7க்கு உடம்புல எலி மருந்து. அது கூட இடத்துக்குப் போட்டி போடுற இன்னொரு ஆந்தை இனத்துல 84ல 34க்கு. மரம் வெட்டுற கம்பெனிங்களை கோர்ட்டுக்கு இழுத்து, ஆயிரக்கணக்கான பேர் வேலையை இழந்து காப்பாத்துன காட்டுக்குள்ள, ராத்திரி நாலு பேர் போய் மருந்தைத் தூவிட்டு வந்துடறாங்க.

எலி மருந்தை விட மோசமா இன்னொண்ணு இருக்கு, கார்போஃபியூரான். ஃபியூரடான்ங்கிற பேர்ல குருணையா வந்தது, விவசாயம் தெரிஞ்சவங்களுக்கு நல்லாவே தெரியும். நரம்பைத் தாக்குற விஷம். சின்னக் குருவியா இருந்தா ஒரே ஒரு குருணை போதும், ஆள் காலி. அமெரிக்காவுல 2009ல உணவுப் பயிர்ல இது ஒரு துளி கூட இருக்கக் கூடாதுன்னு சொல்லி அதோட கதையை முடிச்சாங்க. முடிச்சும் இன்னைக்கு வரைக்கும் அந்தக் காட்டுத் தோட்டங்கள்ல அது கிடைச்சுட்டே இருக்கு, கடத்திட்டு வர்றாங்க. கரடி வந்து சமையல் சாமானை இழுத்துப் போடக் கூடாதுன்னு சாப்பாட்டுல கலந்து வைக்கிறது, செடி மேல அடிக்கிறது, குடிதண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கிறதுன்னு நடக்குது. சோதனை போடப் போன அதிகாரிங்க மேல பட்டு ஆஸ்பத்திரில சேத்த சம்பவங்களும் இருக்கு. செடியைப் பிடுங்கிட்டு வந்தா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம்ல, அந்த பாட்டிலும் மூட்டையும் அங்கயேதான் கிடக்கு. மழை வந்தா ஓடைல இறங்குது. ஓடை ஆத்துல சேருது, ஆறு யாரோ ஒருத்தரோட குழாய்ல வருது.

தண்ணியைப் பத்தி சொல்லணும். வடக்கு கலிஃபோர்னியாவுல கோடைல மழையே கிடையாதுன்னு சொல்லலாம், நம்ம நினைக்கிற மாதிரி ரெண்டு பருவமழை எல்லாம் இல்ல, குளிர்காலத்துல பெஞ்சாதான் உண்டு. கோடைல ஓடைல ஓடுறது நிலத்துக்குள்ள இருந்து ஊறி வர்ற கொஞ்சம் தண்ணிதான். செடி வேகமா வளர்ற காலமும் அதேதான், அதாவது ஓடை மெலிஞ்சு போய் இருக்குறப்பதான் இவங்களுக்குத் தண்ணி நிறைய வேணும். கோஹோன்னு ஒரு சால்மன் மீன், அதோட குஞ்சுங்க கடலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் போல ஓடைலயே இருக்கணும், அந்தக் கோடையைத் தாண்டினாத்தான் பொழைக்கும். 2015ல ஒரு ஆய்வு, வடமேற்கு கலிஃபோர்னியாவுல நாலு ஓடைப் படுகையை எடுத்து, சாட்டிலைட் படத்துல செடிங்களை எண்ணி, செடிக்கு ஒரு நாளைக்கு சுமார் 23 லிட்டர்னு கணக்கு வச்சுப் பாத்தாங்க. அந்த 23 லிட்டர் கொஞ்சம் அதிகம்னு வாதம் பண்றவங்க உண்டு, அந்தத் தோட்டம் எல்லாமே திருட்டுத் தோட்டமும் இல்ல, சொந்த நிலத்துல போட்டதும் நிறைய இருந்துச்சு, அதையும் சொல்லிடணும். ஆனா வந்த விடை என்னன்னா, நாலுல மூணு படுகைல வறண்ட நாள்ல ஓடைல ஓடுற மொத்தத் தண்ணியை விட செடிங்களுக்குத் தேவைப்படுற தண்ணி அதிகம். பாதிப்பு கம்மியா இருந்த நாலாவதுல கூட 23 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு வந்துச்சு. கணக்கைப் பாதியாக் குறைச்சுக்கிட்டாலும் நல்ல செய்தி இல்ல. சொந்த நிலத்துக்காரன்னாக் கூட நோட்டீஸ் அனுப்பலாம், தொட்டி கட்டி மழைத் தண்ணியைச் சேத்து வைன்னு சொல்லலாம், பர்மிட் கேக்கலாம். ஆளே யாருன்னு தெரியாத இடத்துல ஓடையோட வாயைக் கல்லு வச்சு அடைச்சு பிளாஸ்டிக் பைப்பை சொருகிட்டுப் போனவன்கிட்ட யார் போய் என்ன கேக்குறது? சீசன் முடிஞ்சு அவன் போயிடுவான், பைப் போகாது. ஆள் இல்லாமயே மலைச்சரிவுல தண்ணி கொட்டிட்டு இருக்கும், மண்ணை அரிச்சுட்டு இருக்கும்.

அடுத்தது நெருப்பு. ஒளிஞ்சு இருக்குறவங்களும் சாப்பிடணும்ல, சமைக்கணும்ல. 2009 ஆகஸ்ட்ல சான்ட்டா பார்பரா பக்கம் லாஸ் பட்ரேஸ் தேசிய வனத்துல லா ப்ரியான்னு ஒரு காட்டுத்தீ, திருட்டு கஞ்சாத் தோட்டத்துல வச்ச சமையல் அடுப்புல இருந்து பத்திக்கிட்டதுன்னு விசாரணைல வந்துச்சு. எரிஞ்சது கிட்டத்தட்ட 90,000 ஏக்கர். ஒரு அடுப்பு. யாரும் பாக்கக் கூடாதுங்கிற இடத்துல நெருப்பு கை மீறிப் போச்சுன்னா யாருக்குப் போன் பண்ணுவான்? பண்ணவே மாட்டான், ஓடத்தான் செய்வான். அதுக்குள்ள முதல் ஒரு மணி நேரம் போயிடும், காட்டுத்தீயில அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாமே.

சரி, அந்த இடத்துல இருக்குற மனுஷங்க? கட்டுரைல வர்ற ஆளு சுதந்திரமா, தனியா, இயற்கையோட இயற்கையா வாழுற மாதிரி காட்டிருக்காங்க. சின்னதா நாலு செடி வைக்கிற ஆளு அப்படி இருக்கலாம். ஆனா பெரிய தோட்டங்கள்ல மாசக்கணக்குல டென்ட் போட்டுக் காவல் காக்கறவன் பெரும்பாலும் முதலாளி கிடையாது. கடன்ல மாட்டுனவன், பேப்பர் இல்லாம நாடு விட்டு நாடு வந்தவன், சம்பளம் அறுவடைக்கு அப்பறம்னு சொல்லி உக்கார வச்சவன். அந்த விஷத்தைக் கையுறை கூட இல்லாம தொடுறது அவன்தான், பிடிபட்டா உள்ள போறதும் அவன்தான், பணம் போட்டவன் எங்கயோ ஏசி ரூம்ல இருப்பான். இவனை சாகசக்காரன்னு சொன்னா அவனே சிரிப்பான்.

நிலத்துக்காரங்க இன்னொரு பக்கம். காடுன்னா எல்லாமே அரசாங்கக் காடு இல்ல, தரிசா விட்ட பட்டா நிலம், வெளியூர்ல இருக்கறவங்களோட தோப்பு, பழங்குடி மக்களோட பொது நிலம்னு பலது இருக்கு. கண்ணுல படாத இடம்னு ஒருத்தன் தேர்ந்தெடுக்கிறப்போ அது இன்னொருத்தர் பேர்ல இருக்குற இடமா இருக்கும். இந்தியச் சட்டத்துல 46வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தன் நிலத்துல சட்டவிரோதமா கஞ்சாச் செடி வளந்திருந்தா நிலத்தை வச்சிருக்கறவர் உடனே அதிகாரிங்களுக்குத் தகவல் சொல்லணும், தெரிஞ்சும் சொல்லாம விட்டா அவருக்கும் தண்டனை உண்டு. அதாவது எவனோ ராத்திரியோட ராத்திரியா வந்து நட்டுட்டுப் போனதுக்கு, எனக்குத் தெரியாதுங்கன்னு போலீஸ் முன்னாடி கைகட்டி நிக்க வேண்டியது அந்த நிலத்துல கம்போ கடலையோ போடுறவர். தோட்டத்துக்காரன் கிட்ட துப்பாக்கி இருக்குமோன்னு பயந்துட்டு சொல்லாம இருக்கறவங்களும் உண்டு, அவங்க நிலைமை ரெண்டு பக்கமும் அடிதான். அமெரிக்காவுல அரசு நிலத்துல தோட்டத்தைச் சுத்தி ஆளைக் காயப்படுத்துற பொறி வைக்கிறதுக்குன்னே தனியா ஒரு குத்தப் பிரிவு, 10 வருஷம் வரைக்கும் ஜெயில். அப்படி ஒரு சட்டம் எழுத வேண்டி வந்துச்சுன்னாலே என்ன நடந்திருக்கும்னு புரிஞ்சுக்கலாம். மலையேறப் போறவங்க, தேன் எடுக்கறவங்க, விறகு பொறுக்கறவங்க, ஆடு மேய்க்கறவங்க, இவங்க யாரும் கட்டுரைல வரல.

இதுல அரசாங்கத்துக்கும் பங்கு இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவுல 1983ல கேம்ப்னு ஒரு திட்டம், ஹெலிகாப்டர்ல போய் இறங்கி செடியைப் பிடுங்குறது. அதே காலகட்டத்துல தோட்டம் இருந்தா நிலத்தையே பறிமுதல் பண்ணலாம்னு சட்டத்தை இறுக்குனாங்க. விளைவு என்ன ஆகும்? சொந்த நிலத்துல வச்சா நிலம் போகும், பொது நிலத்துல வச்சா செடி மட்டும்தான் போகும். கூட்டம் கூட்டமா தேசிய வனத்துக்குள்ள நகந்தாங்க. ஒவ்வொரு தடவை ஹெலிகாப்டர் நெருங்கினப்பவும் இன்னும் உள்ள, இன்னும் மேல, இன்னும் யாரும் போகாத ஓடைக்குன்னு போனாங்க. துரத்துனது சட்டம், உதை வாங்குனது ஃபிஷரும் சால்மனும். அதனால வெறும் ரெய்டு மட்டும் தீர்வுன்னு சொல்றவங்க கூடவும் எனக்கு ஒத்துப் போகல.

அப்போ சட்டபூர்வமாக்கிட்டா சரியாயிடும்னு சொல்வாங்க. 2016ல அங்க ஓட்டுப் போட்டு அதையும் செஞ்சாங்க, 2018 ஜனவரில கடைங்க திறந்துச்சு. அந்த வரிப் பணத்துல, செலவு போக மிச்சத்துல 20 சதவீதம் இந்த மாதிரி கெட்டுப்போன ஓடையையும் காட்டையும் சரி பண்றதுக்குன்னு சட்டத்துலயே எழுதி வச்சாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு. ஆனா லைசென்ஸ் வாங்கணும், வரி கட்டணும், பூச்சி மருந்து டெஸ்ட் பண்ணணும்னா சரக்கு விலை ஏறும், திருட்டுச் சரக்குக்கு அந்தச் செலவு எதுவும் கிடையாது, அமெரிக்காவுல இன்னும் சில மாநிலங்கள்ல தடையும் இருக்கு, அப்பறம் எப்படி நிக்கும்? நிக்கல. 2022ல சீசன்ல மட்டும் நடந்துட்டு இருந்த அந்தப் பழைய கேம்ப் திட்டத்தை வருஷம் முழுக்க நடக்குற தனிப்படையாவே மாத்த வேண்டி வந்துச்சு. சட்டம் மாறுனது மட்டும் போதாது, இந்த மாதிரி சரக்கை வாங்கறவனும் மாறணும்.

வாங்கறவன்னு சொன்னதும் ஞாபகம் வருது. காட்டுல வளந்ததுன்னா ஆர்கானிக், சுத்தம்னு ஒரு நம்பிக்கை இருக்கு, கட்டுரைலயும் கிட்டத்தட்ட அப்படித்தான் வருது. கஞ்சாச் செடி மண்ணுல இருக்குற கேட்மியம் மாதிரி உலோகத்தை எல்லாம் நல்லா உறிஞ்சும், அதனாலதான் கெட்டுப்போன மண்ணைச் சுத்தம் பண்றதுக்கு அதைப் பயன்படுத்தலாமான்னே ஆராய்ச்சி நடக்குது. 2013ல ஒரு சோதனை, மருந்து அடிச்ச கஞ்சாவைப் புகைச்சா புகைல எவ்ளோ போகுதுன்னு பாத்தாங்க. சாதாரண கண்ணாடிப் பைப்ல இழுத்தப்போ 69.5 சதவீதம் வரைக்கும் புகையோட சேந்து வந்துடுச்சு. பழத்தையாவது கழுவித் தின்னலாம், இதை என்ன பண்ண?

இதுக்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு, அதை ஒத்துக்கணும். ரூமுக்குள்ள லைட் போட்டு வளக்குறது மட்டும் நல்லதான்னு கேப்பாங்க. நல்லது இல்ல. 2021ல வந்த ஒரு ஆய்வு அமெரிக்காவுல உள்ளரங்குல ஒரு கிலோ காஞ்ச பூ விளைவிக்க, ஊரைப் பொறுத்து 2,283ல இருந்து 5,184 கிலோ வரைக்கும் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான புகை வெளிய போகுதுன்னு கணக்கு சொல்லுது. அநியாயம்தான். ஆனா அது திறந்த வெளில, வெயில்ல, வேலி போட்டு, லைசென்ஸோட, தண்ணிக்கு மீட்டர் வச்சு வளக்கணும்ங்கிறதுக்கு வாதம், அடுத்தவன் காட்டுல ஒளிச்சு வைக்கிறதுக்கு வாதம் இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பறாங்க.

இன்னொரு குழப்பமும் அந்தக் கட்டுரைல இருக்கு. நகரத்துல காலியாக் கிடக்குற குப்பை மேட்டுல அனுமதி கேக்காம செடி நடுறவங்களோட இவங்களைச் சேத்து ஒரே தட்டுல வச்சிருக்காங்க. நியூயார்க்ல 1973ல லிஸ் கிறிஸ்டின்னு ஒரு அம்மாவும் கூட்டாளிங்களும் குப்பை கொட்டுன ஒரு மனையைச் சுத்தம் பண்ணித் தோட்டமாக்குனாங்க, அதுவும் சட்டப்படி கேட்டா அத்துமீறல்தான். ஆனா அவங்க எல்லாரும் பாக்குற இடத்துல பண்ணாங்க, அக்கம்பக்கத்துக்காரங்க வந்து தண்ணி ஊத்தினாங்க, கடைசில நகராட்சியே வாடகைக்கு எழுதிக் கொடுத்துச்சு, இன்னைக்கும் அந்தத் தோட்டம் இருக்கு. கெட்டுப்போன இடத்தை நல்லாக்கி எல்லாருக்கும் திறந்து விட்டவங்க அவங்க. இவங்க நல்லா இருக்குற இடத்தைக் கெடுத்து யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு விஷம் வைக்கிறாங்க. ரெண்டுலயும் அனுமதி இல்லங்கிறது மட்டும்தான் ஒத்துப் போகுது.

உங்க பேப்பர்கிட்ட நான் கேக்குறது, இந்த மாதிரி கட்டுரை போடாதீங்கன்னு இல்ல. போடுங்க. ஆனா எழுதுறவரை அடுத்த தடவை வளக்குறவன் கூட மட்டும் போகச் சொல்லாம, அந்த இடத்தை அப்பறம் சுத்தம் பண்ணப் போறவங்க கூடவும் ஒரு தடவை அனுப்புங்க. முதுகுல உர மூட்டையும் பைப் சுருளும் கட்டிட்டு மலை இறங்குறவங்க, ஹெலிகாப்டர் கிடைக்குமான்னு காத்துட்டு இருக்கறவங்க, விஷ பாட்டிலைப் பிரிச்சு எடுக்க உடம்பு பூரா பாதுகாப்பு உடை போட்டு வேர்த்து வழியறவங்க. இந்தக் காட்டு மிருக ஆராய்ச்சில முன்ன நின்ன ஒருத்தரோட வளர்ப்பு நாயை 2014ல இதே எலி மருந்தை இறைச்சில வச்சுக் கொன்னாங்க, அதையும் தாங்கிட்டுத்தான் அவர் வேலையைத் தொடர்ந்தார். எழுதறதுக்கு அவங்ககிட்ட கதைக்கா பஞ்சம்?

கடைசியா, காட்டுக்குள்ள நடக்கிற, மலையேறுற வாசகர்களுக்கு ஒண்ணு, இதைத் தயவு செஞ்சு பெட்டில கட்டியாவது போடுங்க. எதிர்பாக்காத இடத்துல பிளாஸ்டிக் பைப், உர மூட்டை, டென்ட், வரிசையா நட்ட செடின்னு பாத்தா நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்காதீங்க, உள்ள போய்ப் பாக்கலாம்னு நினைக்காதீங்க. பாட்டில், டப்பா, தூள், குருணை எதையும் தொடாதீங்க, மூடியைத் திறந்து மோந்தும் பாக்காதீங்க, கூட நாய் இருந்தா உடனே கயித்துல பிடிங்க. ஓடைத் தண்ணியை அங்க குடிக்காதீங்க. சத்தம் போடாம, வந்த வழியிலயே திரும்பி நடங்க, புதுசா வழி தேடாதீங்க. ஆள் இருக்குற இடத்துக்கு வந்த அப்பறம் வனத்துறைக்கோ போலீஸுக்கோ போன் போட்டு எந்த இடம்னு சொல்லுங்க. கையில காலுல எதாவது பட்டுச்சுன்னு சந்தேகம் வந்தா சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டு, துணியைத் தனியாக் கட்டி வச்சுட்டு, தலைசுத்தல், வாந்தி, எச்சில் ஊறுறது, கண்ணு மங்கறதுன்னு எது வந்தாலும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் பூச்சி மருந்து பட்டிருக்கலாம்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லிடுங்க, ஏன் அங்க போனன்னு கேப்பாங்களோன்னு பயந்துட்டு மறைக்காதீங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்